வரி பாக்கியில் ஜப்தியான மனையை நகராட்சி வாங்கி மாற்றிக் கொடுப்பது எப்படி? மிஷிகன் மாநிலத்துக்கான முழு வழிகாட்டி

மிஷிகனில் சொத்து வரியைத் தொடர்ந்து கட்டாமல் விட்டால், மூன்றாவது வருஷம் மனை கவுன்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகத்தின், கைக்குப் போய்விடும். அங்கிருந்து நகராட்சி பாக்கித் தொகையைக் கட்டி வாங்கி, வீடு கட்டித் தரும் தொண்டு அமைப்புக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ, பூங்காவுக்கோ மாற்றிக் கொடுக்கும். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் இது அன்றாடம் நடக்கிற காரியம்தான். நகராட்சியிடம் மனை கேட்டு நிற்கிற சங்கம், கோயில் குழு, குடியிருப்போர் நலச்சங்கம் ஆகியோரையும், நகர மன்றத்தில் உட்கார்ந்து இதற்கு ஓட்டுப் போடுகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஓஹையோவிலோ நியூயார்க்கிலோ இருப்பவர்கள் இந்தத் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். இப்படி ஒரு மனை வருகிறது என்றதும் எல்லோரும் கேட்பது, "பழைய வரி பாக்கி நம் தலையில் விழுமா?" என்றுதான். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. ஜப்தித் தீர்ப்பு இறுதியானதும் அந்த பாக்கி மனையை விட்டுப் போய்விடுகிறது. நகராட்சி கட்டுவது மனைக்கான விலை. அந்த விலையை நிர்ணயிக்கத்தான் பழைய பாக்கியைக் கணக்கில் எடுக்கிறார்கள். சிக்கல் வருவது வேறு இடங்களிலிருந்து: பழைய உரிமையாளருக்குச் சேர வேண்டிய மீதிப் பணம், நோட்டீஸ் போன விதம், தீர்ப்புக்குப் பிறகும் அழியாத சில சுமைகள். நேரத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

படி 1: மனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

இந்த நடைமுறை 1999ஆம் ஆண்டின் 123ஆம் சட்டத்தில் வந்தது. 2022ஆம் ஆண்டு வரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது கட்டப்படாமல் இருந்தால் 2023 மார்ச் 1 அன்று பாக்கியாகி, நகராட்சியிடமிருந்து கவுன்டி கருவூலருக்குப் போகிறது. 2024 மார்ச் 1 அன்று 'ஃபார்ஃபீச்சர்' என்ற கட்டம். பெயரைக் கேட்டால் மனை போய்விட்டது போலத் தோன்றும்; போகவில்லை. கருவூலர் ஜப்தி வழக்குப் போடலாம் என்ற உரிமை மட்டும்தான் அதில் பிறக்கிறது. உரிமையாளர் இன்னும் உரிமையாளர்தான். அப்புறம் ஒரு வருஷம் வில்லங்கம் தேடுவது, பதிவுத் தபால், நேரில் போய்ப் பார்த்து நோட்டீஸ் ஒட்டுவது, பத்திரிகை விளம்பரம், கோர்ட் விசாரணை என்று ஓடும். 2025 மார்ச் 31க்குள் கட்டவில்லை என்றால் முழு உரிமையும் ஜப்தி செய்த அமைப்புக்கு, பெரும்பாலான இடங்களில் கவுன்டிக்கு, போய்ச் சேரும்.

ஆகவே மார்ச் 31க்கு முன்னால் "அந்த மனை எங்களுக்கு வரப்போகிறது" என்று எந்த நகர அதிகாரி சொன்னாலும் அதை நம்பி கட்டடக் கலைஞருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கடைசி வாரத்தில் பணத்தைக் கட்டி மீட்பவர்கள் நிறையப் பேர். அது அவர்கள் உரிமை, நியாயமும்கூட.

தீர்ப்புக்குப் பின் பொது ஏலத்துக்குப் போகும் முன்பே வாங்கிக்கொள்ள மாநில அரசுக்கு முதல் வாய்ப்பு. அது வேண்டாம் என்றால் நகராட்சிக்கு. நகராட்சியும் விட்டால் கவுன்டிக்கு. கடைசித் தேதியைச் சொல்லி கவுன்டி கருவூலர் நகராட்சிக்கு எழுதுவார். அந்தத் தேதியைத் தவறவிட்டால் மற்றவர்களைப் போல ஏலத்தில்தான் நிற்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. ஏலங்களில் விலைபோகாத மனைகள் வருஷக் கடைசியில் நகராட்சிக்கு மாறிவர சட்டத்தில் இடம் இருக்கிறது. பாக்கித் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. யாருமே சீண்டாத மனைக்காகப் பணத்தைக் கொட்டும் முன் நகர மன்றத்தில் இதைக் கேட்டுவிடுங்கள்.

படி 2: தொகையைப் பிரித்துப் பாருங்கள்

நகராட்சி கட்டும் தொகைக்கு 'மினிமம் பிட்', அதாவது குறைந்தபட்சக் கேள்வி விலை, என்று பெயர். பாக்கி வரி, வட்டி, அபராதம், கட்டணங்கள், விற்பனைக்கான செலவு எல்லாம் சேர்ந்தது. வருஷத்துக்கு 3,000 டாலர் வரி வரும் ஒரு மனைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2022 வரி 3,000. பாக்கியானதும் 4 சதவீத நிர்வாகக் கட்டணம், 120 டாலர். வட்டி முதலில் மாதம் 1 சதவீதம். ஃபார்ஃபீச்சர் கட்டம் வந்ததும் அது ஒன்றரை சதவீதமாகிவிடும், அதுவும் முந்தைய மார்ச் 1 முதலே. 2023 மார்ச்சிலிருந்து 2025 மார்ச் வரை 25 மாதம்; வட்டி 1,125 டாலர். அதோடு 175 டாலர் கட்டணம். ஆக முதல் வருஷத்துக்கு மட்டும் 4,420.

இதோடு நிற்காது. 2023 வரியும் கட்டியிருக்க மாட்டார்கள். 3,000, கட்டணம் 120, 13 மாத வட்டி 390, மொத்தம் 3,510. 2024 வரி அந்த மார்ச் 1 அன்றுதான் பாக்கியாகியிருக்கும், 3,150. மூன்றும் சேர்ந்து 11,080 டாலர். நோட்டீஸ், வில்லங்கத் தேடல், பதிவு ஆகிய செலவுகள் இதற்கு மேல். ஒரு வருஷ பாக்கிக்குத்தான் ஜப்தி, ஆனால் விலையில் மூன்று வருஷம் ஏறியிருக்கும். நகர மன்ற அறிக்கையில் ஒரே வரியில் ஒரு மொத்தத் தொகையைப் போட்டிருந்தால், வருஷவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

"அந்த வரியில் பாதி நகராட்சிக்கே சேர வேண்டியதுதானே, நகராட்சி ஏன் தனக்குத் தானே கட்ட வேண்டும்?" என்று மன்றக் கூட்டங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. மிஷிகனில் கவுன்டிகள் பாக்கி வரிக்கென ஒரு சுழல் நிதி வைத்திருக்கின்றன. வரி பாக்கியானதும் கவுன்டி அந்த நிதியிலிருந்து நகராட்சி, பள்ளி மாவட்டம், நூலகம் எல்லோருக்கும் அவரவர் பங்கை முன்கூட்டியே கொடுத்துவிடும். பிறகு வசூலாகும் அசலும் வட்டியும் கவுன்டிக்கு. அதாவது நகராட்சி தன் பங்கை இரண்டு வருஷத்துக்கு முன்பே வாங்கிச் செலவும் செய்துவிட்டது. இப்போது கட்டுவது கவுன்டி கொடுத்த முன்பணத்தைத் திருப்புவது போல. மனை ஏலத்தில் பாக்கியைவிடக் குறைவாகப் போனால் அந்த நஷ்டத்தைக் கவுன்டி திருப்பிக் கேட்கவும் செய்யும். அதற்கு 'சார்ஜ்பேக்' என்பார்கள். நகராட்சி ஒதுங்கி நின்றாலும் செலவு வரலாம் என்பதால், வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது இந்தத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

படி 3: பழைய உரிமையாளருக்கு என்ன சேர வேண்டும்?

இந்தப் படியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். பல வருஷங்களாக மிஷிகனில் கவுன்டி மனையை எடுத்து விற்றால், பாக்கி போக மிஞ்சியதையும் கவுன்டியே வைத்துக்கொண்டது. சவுத்ஃபீல்டில் ஒரு வீடு. 2011 வரியில் 8 டாலர் 41 சென்ட் குறைந்துவிட்டது. வட்டியும் கட்டணமும் ஏறி 285 டாலர் 81 சென்ட் ஆனது. ஓக்லண்ட் கவுன்டி வீட்டை ஜப்தி செய்து 24,500 டாலருக்கு விற்று, முழுத் தொகையையும் வைத்துக்கொண்டது. 'ரஃபேலி எதிர் ஓக்லண்ட் கவுன்டி' என்ற அந்த வழக்கில், பாக்கிக்கு மேல் கிடைத்த பணம் உரிமையாளருடையது என்று மிஷிகன் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பு சொன்னது. 2023 மே மாதம் மினசோட்டாவின் ஹென்னபின் கவுன்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அதே திசையில் போனது. 94 வயது மூதாட்டியின் அடுக்குமாடி வீடு, பாக்கி வட்டியோடு சுமார் 15,000 டாலர், விற்றது 40,000, மீதி 25,000-ஐக் கவுன்டி எடுத்துக்கொண்டிருந்தது.

இந்த இரண்டிலும் வீடு விற்பனைக்குப் போனது. நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது மூன்றாவது வழக்கு: 'ஹால் எதிர் மைஸ்னர்', ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2022. அங்கே ஏலமே நடக்கவில்லை. சவுத்ஃபீல்ட் நகராட்சி தன் முதல் வாய்ப்பைப் பயன்படுத்தி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வீடுகளை வாங்கியது; 1 டாலருக்கு ஒரு தனி அமைப்பிடம் கொடுத்தது. ஒரு வீட்டின் பாக்கி சுமார் 22,000 டாலர். வீட்டின் மதிப்போ 3 லட்சத்தை ஒட்டி. ஏலமே இல்லாததால் 'உபரி' என்று எதுவும் இல்லை, உரிமையாளருக்கு ஒன்றுமில்லை என்பது வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டில் அவருக்கிருந்த மதிப்பை ஈடு தராமல் கவுன்டி எடுத்துக்கொண்டது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது. நகராட்சி பாக்கியைக் கட்டி மனையை வாங்கி மாற்றுவது தன்னளவில் நல்ல வேலை. அதையே மதிப்பை உரிமையாளரிடமிருந்து ஒதுக்கிக்கொள்ளும் கால்வாயாக்கினால் கோர்ட் விடாது; விடவும் கூடாது.

இப்போதைய நடைமுறை: பழைய உரிமையாளரோ மனையின் மீது கடன் உரிமை உள்ளவரோ, ஜப்தி நடந்த வருஷம் ஜூலை 1க்குள், நோட்டரி கையெழுத்தோடு 5743ஆம் எண் படிவத்தைக் கவுன்டிக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த வருஷம் மே 15க்குள் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். விற்பனைத் தொகையில் பாக்கியும் 5 சதவீதக் கமிஷனும் போக மீதி அவருக்கு, மற்றக் கடன்காரர்கள் இருந்தால் வரிசைப்படி.

நகராட்சிக்கு இதில் உள்ள விஷயம் விலைதான். யாரும் உரிமை கோரவில்லை என்றால் குறைந்தபட்சத் தொகை. உரிமை கோரியிருந்தால் அந்தத் தொகை, சந்தை மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அது. மேலே சொன்ன 11,080 டாலர் மனை சந்தையில் 60,000 பெறும் என்றால், ஒரே ஒரு படிவம் வந்த காரணத்தால் நகராட்சி 60,000 கட்ட வேண்டிவரும். ஆகவே ஜூலை 1க்கு முன் விலையை உறுதியாகச் சொல்கிற அறிக்கையை நம்பாதீர்கள். கருவூலர் அலுவலகத்தில் அந்த மனை எண்ணைச் சொல்லி, படிவம் வந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பைத் தோராயமாகத் தெரிந்துகொள்ள, வரிச் சீட்டில் எஸ்.இ.வி. என்று இருக்கும் தொகையை இரண்டால் பெருக்கலாம். நிஜ முடிவுக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும்.

படி 4: பணம் கட்டும் முன் மனையைப் போய்ப் பாருங்கள்

காலி மனை என்று காகிதத்தில் இருக்கும். போய்ப் பார்த்தால் பின்பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கராஜ் மூன்று அடி உள்ளே வந்து நிற்கும். அல்லது வீட்டில் ஆள் குடியிருப்பார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு ஜப்தி விஷயமே தெரியாமல் இருப்பது சகஜம். யார் எப்போது பேசுவது, போக எவ்வளவு அவகாசம் என்பதை வாங்குவதற்கு முன்பே தீர்மானியுங்கள்.

மூலை மனையாக இருந்தால் முன்பு அங்கே என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பழைய பெட்ரோல் பங்க், டிரை கிளீனிங் கடை என்றால் மண்ணில் மாசு இருக்கும். மனையைப் பெறப்போகிற அமைப்பு வாங்கிய 45 நாளுக்குள் 'பேஸ்லைன்' சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்து, 6 மாதத்துக்குள் அதை மாநிலத்துக்குக் கொடுத்தால்தான் பழைய மாசுக்கான பொறுப்பிலிருந்து பாதுகாப்பு. நகராட்சிக்குக் கிடைக்கும் விலக்கு உங்களுக்குத் தானாக வந்துவிடாது.

படி 5: மன்றத் தீர்மானமும் பணமும்

பொது நோக்கத்துக்காக வாங்குகிறோம் என்பது தீர்மானத்தில் தெளிவாக இருக்க வேண்டும். "மறுவளர்ச்சி" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதைவிட, இந்த மனையில் என்ன வரும், யாருக்கு, எத்தனை வருஷத்துக்குள் என்று எழுதுவது நல்லது. மனை எண், முழுச் சட்ட விவரணை, அதிகபட்சத் தொகை, எந்த நிதியிலிருந்து, யாருக்குக் கையெழுத்து அதிகாரம், இவ்வளவும் போதும்.

பல ஊர்களில் மனையைப் பெறுகிறவரே தொகையை முன்கூட்டி வைப்பாகக் கட்டச் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒப்பந்தம் எழுதுங்கள்: உரிமையாளர் மீட்டுவிட்டாலோ, விலை சந்தை மதிப்புக்கு ஏறிவிட்டாலோ வைப்புத் தொகை முழுதாகத் திரும்ப வேண்டும்.

நகராட்சி பிறகு மனையைக் கட்டிய தொகைக்கும் இடிப்பு, பழுதுபார்ப்பு, அடிப்படை வசதி ஆகிய செலவுக்கும் மேல் விற்றால், அந்த மிகுதி கவுன்டியின் விற்பனைக் கணக்குக்குப் போக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. லாபம் பார்க்கும் வழி இது இல்லை. செலவுச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

படி 6: பத்திரம், அப்புறம் வில்லங்கம்

கவுன்டி கொடுப்பது 'க்விட் க்ளெய்ம்' பத்திரம்: என்னிடம் இருக்கிற உரிமை எதுவோ அதைத் தருகிறேன், உத்தரவாதம் எதுவும் இல்லை என்கிற வகை. வந்ததும் சட்ட விவரணையை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். '42ஆம் மனையின் கிழக்குப் பாதி' என்பதில் 'கிழக்குப் பாதி' விட்டுப்போனால் திருத்தப் பத்திரத்துக்கு மறுபடி அலைச்சல். கவுன்டி பதிவகத்தில் பதிவுக் கட்டணம் 30 டாலர்தான். கவுன்டியிலிருந்து நகராட்சிக்கு வந்த பத்திரம் பதிவான பிறகே நகராட்சி அடுத்த பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க ஆசைப்பட்டு வரிசை மாறிவிட்டால் பின்னால் வில்லங்கம் பார்ப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

தீர்ப்பில் அடமானமும் பழைய வரியும் பிற கடன் உரிமைகளும் அழிந்துவிடும். அழியாதவை: இனிமேல் வரவிருக்கும் சிறப்பு வரித் தவணைகள் (சாக்கடை, நடைபாதைக்குப் போட்டது), பதிவான அல்லது கண்ணுக்குத் தெரியும் வழிப் பாதை உரிமை, மனைப் பிரிவின் தனியார் கட்டுப்பாடுகள், சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் பதிவான சில உரிமைகள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு டைட்டில் கம்பெனி அறிக்கையைப் படியுங்கள். நம் ஊர்போல அரசு அலுவலகமே வில்லங்கச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை; தனியார் டைட்டில் கம்பெனிதான் தேடி, காப்பீடும் கொடுக்கும்.

அந்தக் காப்பீட்டுக்குத்தான் திண்டாட்டம். வரி ஜப்தியில் வந்த மனை என்றாலே டைட்டில் கம்பெனிகள் தயங்கும். காரணம் நோட்டீஸ். அடமானம் வைத்திருந்தவருக்குத் தனியாக அறிவிக்க வேண்டும் என்று 1983லும், அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்தால் சும்மா இருக்கக்கூடாது, வேறு முயற்சி எடுக்க வேண்டும் என்று 2006லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே ஒருவருக்கு நோட்டீஸ் போகவில்லை என்றாலும் பல வருஷம் கழித்து அவர் கோர்ட்டுக்கு வரலாம். ஆகவே ஜப்திக் கோப்பில் தபால் ரசீதுகள், திரும்பி வந்த உறைகளின் நகல், நேரில் போனவரின் பிரமாணப் பத்திரம், விளம்பர நகல் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு என்ன செய்தார்கள், திவால் மனு ஏதும் இருந்ததா என்பதையும் பாருங்கள். இந்தக் கோப்பை ஒரு சொத்து வக்கீலிடம் காட்டுவதற்கு ஆகும் பணம் வீண் போகாது.

சந்தேகம் இருந்தால் 'க்வயட் டைட்டில்' வழக்குப் போட்டு கோர்ட் மூலம் உரிமையை உறுதிசெய்துகொள்ளலாம். நில வங்கிகளுக்கு, அதாவது ஜப்தியான, கைவிடப்பட்ட மனைகளை எடுத்து வைத்துப் பிறருக்கு மாற்றும் அரசு அமைப்புகளுக்கு, 2003ஆம் ஆண்டின் 258ஆம் சட்டம் இதை விரைவாக, பல மனைகளுக்குச் சேர்த்தே செய்யும் வசதி கொடுத்திருக்கிறது. உங்கள் கவுன்டியில் நில வங்கி இருந்தால், நகராட்சி மனையை அதன் வழியாக உங்களுக்கு மாற்றுமா என்று கேட்டுப் பாருங்கள். நேராக வாங்குவதைவிடச் சில மாதம் தாமதமாகலாம். நானாக இருந்தால் காத்திருப்பேன். நில வங்கி விற்கும் மனைக்கு முதல் 5 வருஷம் வரியில் பாதி நில வங்கிக்கே போகும். உங்களுக்குச் செலவு கூடாது, பங்கு பிரிவதில்தான் மாற்றம். வீட்டுக்குப் பக்கத்திலேயே காலி மனை என்றால் இன்னும் சுலபம்: டெட்ராய்ட் நில வங்கி பக்கத்து மனைகளை 100 டாலருக்குக் கொடுத்த திட்டம் இந்த வகைதான்.

படி 7: உங்கள் பெயருக்கு மாறும்போது

நகராட்சி தரும் பத்திரத்தில் பெரும்பாலும் நிபந்தனை இருக்கும்: இத்தனை வருஷத்துக்குள் கட்டாவிட்டால் மனை நகராட்சிக்கே திரும்பும். அதைக் கையெழுத்துக்கு முன் உங்கள் வங்கியிடம் காட்டுங்கள். திரும்பிப் போகும் உரிமை தன் கடனுக்குப் பின்னால் நிற்கும் என்று எழுதித் தரச் சொல்லி வங்கி கேட்கும். நகராட்சிகள் பொதுவாக இதற்கு இறங்கி வரும், முன்கூட்டியே கேட்டால்.

மாறியதும் 45 நாளுக்குள் சொத்து மாற்றப் பிரமாணப் படிவத்தை நகர மதிப்பீட்டாளரிடம் கொடுக்க வேண்டும். வரிக்குரிய மதிப்பு வருஷா வருஷம் இவ்வளவுதான் ஏறலாம் என்ற உச்சவரம்பு, கைமாறியதால் அடுத்த வருஷம் நீங்கிவிடும். பழைய உரிமையாளர் கட்டிய வரியை வைத்து உங்கள் வரியைக் கணக்கிட்டால் ஏமாந்து போவீர்கள்.

கடைசியாக ஒரு தேதி: டிசம்பர் 31. மிஷிகனில் மறு வருஷ வரி நிலை அன்றைக்கு யாருடைய பெயரில், எந்தப் பயன்பாட்டில் மனை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நகராட்சியிடம் இருக்கும்வரை வரி இல்லை. தொண்டு அமைப்பு என்பதால் தங்களுக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டு டிசம்பர் 20 அன்று அவசரமாகப் பத்திரம் பதிகிறார்கள். விலக்குக்கு மனை அமைப்பின் பெயரில் இருந்தால் மட்டும் போதாது, அதன் நோக்கத்துக்காகப் பயன்பாட்டிலும் இருக்க வேண்டும். புல் முளைத்த காலி மனைக்கு மறு ஜூலையில் வரிச் சீட்டு வந்துவிடும். கட்டட வேலை தொடங்க எப்படியும் வசந்தம் ஆகும் என்றால், பத்திரத்தை ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளி வைக்கும்படி நகராட்சியிடம் கேளுங்கள். ஒரு வருஷ வரி மிச்சம்.